பிரேக் எனும் அமானிதம்

 

புதிதாகப் பைக் வாங்கப் போகும் இளைஞர் ஒருவரிடம், "எதைப் பார்த்து வாங்கப் போகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் மைலேஜ் என்பார். மற்றொருவர் இழுவை என்பார். இன்னொருவர் நிறத்தைச் சொல்வார். கார் வாங்கும் குடும்பத் தலைவரோ இருக்கை, ஏ.சி., தவணைத் தொகை என்று அடுக்குவார். "வண்டி எத்தனை அடியில் நிற்கும்?" என்று கேட்டு வாங்குபவரை நான் இதுவரை கண்டதில்லை. நானும் அப்படிக் கேட்டு வாங்கியவன் அல்லன். அதற்குரிய விலையையும் கொடுத்திருக்கிறேன்.

சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில், வாடிப்பட்டியை நெருங்கும் இடத்தில், மஃரிபுக்குச் சற்று முந்திய வேளை. அப்பொழுதுதான் தூறல் போட்டு ஓய்ந்திருந்தது. பின்னால் என் மனைவி அமர்ந்திருந்தார். முன்னே சென்ற வேன் திடீரென்று நின்றது. நான் என் முழு பலத்தையும் காலில் கொடுத்துப் பின் பிரேக்கை மிதித்தேன். பின் சக்கரம் இறுகி நின்றது. ஆனால் வண்டி நிற்கவில்லை. ஈரத் தாரில் பின்பகுதி ஒரு பக்கமாக வழுக்கிச் செல்ல, இருவரும் சாலையில் விழுந்தோம். பின்னால் வந்த லாரி ஓட்டுநர் விழிப்புடன் இருந்ததால் இன்று இதை எழுதிக் கொண்டிருக்கிறேன். என் மனைவியின் மணிக்கட்டு முறிந்தது. மூன்று மாதங்கள் அவரால் தம் கையால் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியவில்லை.

இதில் வெட்கத்துக்குரிய செய்தி என்னவென்றால், என் வண்டியில் முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் இருந்தது. அதற்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்கியிருந்தேன். ஆனால் அந்த லீவரை என் விரல்கள் தொட்டதே இல்லை. "முன் பிரேக்கைப் பிடித்தால் தலைகுப்புற விழுவாய்" என்று என் அத்தா சிறு வயதில் சொல்லிக் கொடுத்ததை வேதவாக்காகக் கொண்டிருந்தேன். அவர் சைக்கிளை மனத்தில் வைத்துச் சொன்னார். நான் அதைப் பைக்கிலும் பின்பற்றினேன். நம் வீடுகளில் இன்றும் இந்த அறிவுரை தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்று கொண்டுதான் இருக்கிறது. எனவேதான் இந்த மாதம் பிரேக்கைப் பற்றி எழுத முனைந்தேன்.

நிற்பது என்றால் என்ன?

ஓடும் வண்டிக்குள் ஓர் ஆற்றல் அடங்கியிருக்கிறது. வேகம் இரு மடங்கானால் அந்த ஆற்றல் இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. பிரேக் செய்வதெல்லாம் அந்த ஆற்றலை உராய்வின் மூலம் வெப்பமாக மாற்றிக் காற்றில் விடுவதுதான். இருவர் அமர்ந்த ஒரு பைக்கின் மொத்த எடை 270 கிலோ என்று கொள்வோம். அது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முற்றிலும் நிற்கும்போது உண்டாகும் வெப்பம், ஒரு சிறு கிளாஸ் தண்ணீரைத் தேநீருக்காகக் கொதிக்க வைக்கப் போதுமானது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அத்தனை வெப்பத்தை ஏற்று, உடனே வெளியேற்றிவிட்டு, அடுத்த முறைக்கு ஆயத்தமாக வேண்டும் நம் பிரேக்.

தூரக் கணக்கையும் பாருங்கள். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை எட்டுவதற்கு ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக் கொள்வோம். உலர்ந்த நல்ல சாலையில், இரு பிரேக்கும் சரியாகப் பிடிக்கும் வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய 20 மீட்டரில் நிற்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் 37 மீட்டர் ஆகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் 58 மீட்டர் ஆகும். ஈரச் சாலை, தேய்ந்த டயர், தேய்ந்த பிரேக் என்று எது சேர்ந்தாலும் இந்தத் தூரம் இன்னும் நீளும். தெருமுனையில் பந்தை விரட்டிக் கொண்டு ஓடி வரும் குழந்தைக்கும் நம் சக்கரத்துக்கும் இடையில் இருப்பது இந்தச் சில மீட்டர்கள்தாம்.

டிரம்மும் டிஸ்க்கும்

பழைய வண்டிகளில் சக்கரத்தின் நடுவே மூடிய டிரம் இருக்கும். அதற்குள் இரண்டு ஷூக்கள் விரிந்து உட்சுவரை உரசும். மலிவானது, சேறும் தூசியும் எளிதில் உள்ளே போகாது. ஆனால் மூடியிருப்பதால் வெப்பம் வெளியேறத் தாமதமாகிறது. தொடர்ந்து பிடித்தால் பிடிப்பு குறைகிறது. உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டால் காய நேரமாகும்.

டிஸ்க் பிரேக்கில் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் உலோகத் தட்டை, இரு பக்கமும் இரண்டு பேடுகள் கவ்விப் பிடிக்கின்றன. தட்டு திறந்த வெளியில் சுழல்வதால் விரைவில் ஆறுகிறது, தண்ணீரையும் உதறிவிடுகிறது. பைக்கின் தட்டில் காணும் துளைகள் வெறும் அழகுக்காக இடப்பட்டவை அல்ல. எடையைக் குறைக்கவும், தண்ணீரும் தூசியும் வெளியேறவும் அவை உதவுகின்றன.

இந்த எண்ணம் புதியதன்று. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் கார் தயாரித்த ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902ஆம் ஆண்டிலேயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். எனினும் அக்காலத்தில் அது பரவவில்லை. 1953ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லே மான் நகரில் நடந்த 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தில், டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வென்றபோதுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. வளைவுக்கு மிக அருகில் வரும்வரை வேகத்தைக் குறைக்காமல் வந்து, அதன்பின் நம்பிக்கையுடன் பிரேக் பிடிக்க அவ்வோட்டுநர்களால் முடிந்தது. 1955இல் வெளிவந்த சித்ரோன் டி.எஸ். கார் முன் சக்கரங்களில் டிஸ்க்குடன் வந்தது. 1969இல் ஹோண்டா நிறுவனத்தின் சி.பி. 750 பைக், பெருமளவில் தயாரான பைக்குகளில் முன் டிஸ்க் பிரேக்கைப் பரவலாக்கியது.

முன் பிரேக் எதிரியல்ல

பிரேக் பிடிக்கும்போது நம் உடல் முன்னால் சாய்வதை உணர்ந்திருப்பீர்கள். வண்டியின் பாரமும் அவ்வாறே முன் சக்கரத்தின் மீது சென்று அழுந்துகிறது. பின் சக்கரம் இலேசாகிவிடுகிறது. பாரம் இல்லாத சக்கரத்துக்குச் சாலையைப் பற்றிக் கொள்ளும் வலிமை இராது. அன்று நான் மிதித்தது அந்த இலேசான சக்கரத்தைத்தான். அழுத்திப் பிரேக் பிடிக்கும் வேளையில் நிறுத்தும் வேலையின் பெரும்பங்கை முன் சக்கரமே செய்கிறது. எனவேதான் தயாரிப்பாளர்கள் டிஸ்க்கை முதலில் முன் சக்கரத்தில் பொருத்துகிறார்கள்.

வண்டியை நேராக வைத்துக் கொண்டு, இரு பிரேக்குகளையும் சேர்த்துப் பிடியுங்கள். முன் லீவரை வெடுக்கென்று இழுக்காதீர்கள். எலுமிச்சம் பழத்தைப் பிழிவது போல் மெல்லத் தொடங்கி, பின் இறுக்குங்கள். வளைவில் சாய்ந்திருக்கும்போதும், மணல் கிடக்கும் இடத்திலும் முன் பிரேக்கை அழுத்தாதீர்கள். வேகத்தை அதற்கு முன்பே குறைத்துவிடுங்கள். ஆள் நடமாட்டமில்லாத ஒரு மைதானத்தில் குறைந்த வேகத்தில் இதைப் பத்து முறை பழகினால் கை தானே கற்றுக்கொள்ளும்.

வாங்கும்போது

சக்கரம் இறுகிப் பூட்டிக் கொள்வதைத் தடுப்பதே ஏ.பி.எஸ். எனும் அமைப்பு. சக்கரம் பூட்டிக் கொள்ளப் போகிறது என்பதை அது உணர்ந்து, பிரேக்கின் அழுத்தத்தை ஒரு விநாடிக்குள் பலமுறை தளர்த்தி இறுக்குகிறது. 1978இல் பாஷ் நிறுவனம் உருவாக்கிய மின்னணு அமைப்பு மெர்சிடிஸ் பென்ஸ் காரில் வந்தது, 1988இல் பி.எம்.டபிள்யூ. பைக்கிலும் வந்தது. நம் நாட்டில் 2018 ஏப்ரல் 1 முதல் புதிய மாடல்களுக்கும், 2019 ஏப்ரல் 1 முதல் விற்பனையில் இருந்த மாடல்களுக்கும் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. 125 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களில் ஏ.பி.எஸ். இருக்க வேண்டும், அதற்குட்பட்டவற்றில் குறைந்தபட்சம் இரு பிரேக்குகளையும் இணைக்கும் சி.பி.எஸ். அமைப்பாவது இருக்க வேண்டும் என்றது அவ்விதி. எனவே பழைய பைக் வாங்குபவர்கள், அது எந்த ஆண்டில் தயாரானது என்பதைப் பார்த்து வாங்குவது நல்லது.

ஒரே மாடலில் டிரம், டிஸ்க் என்று இரு வகை விற்றால், சில ஆயிரம் ரூபாய் கூடுதலானாலும் முன் டிஸ்க் உள்ளதையே வாங்குங்கள். மகனுக்கு விலையுயர்ந்த கைபேசி வாங்கித் தரும் நாம் இதில் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. பின் சக்கரத்தில் டிரம் இருப்பது குறையன்று. ஊருக்குள் ஓட்டும் குடும்ப வண்டிக்கு அது போதும். சிறிய கார்களிலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்றே பெரும்பாலும் இருக்கும்.

டிரம் பிரேக் உள்ள பழைய பைக்கை வாங்கிப் பட்டறையில் டிஸ்க்காக மாற்றிக் கொள்ளலாம் என்று சிலர் ஆலோசனை கூறுவார்கள். வேண்டாம். முன் ஃபோர்க், சக்கரம், மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர் ஆகிய அனைத்தும் ஒன்றுக்கொன்று அளவாகச் செய்யப்பட்டவை. ஒன்று பொருந்தாவிட்டாலும் ஆபத்துதான். மேலும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது.

மாதம் ஒருமுறை பத்து நிமிடம்

மதரஸாவுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மாதத்தின் முதல் வெள்ளியன்று காலையில் பத்து நிமிடங்களை வண்டிக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன். நீங்களும் உங்களுக்கு வசதியான ஒரு நாளை வைத்துக் கொள்ளுங்கள்.

முதலில் பேடு. டார்ச் விளக்கை அடித்துக் காலிப்பருக்குள் பாருங்கள். இரும்புத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பொருள்தான் தேய்வது. அது 2 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள். பல பைக் பேடுகளில் ஒரு பள்ளக் கோடு இருக்கும். அது மறைந்து போனாலும் மாற்ற வேண்டும். கார் பேடுகள் சிலவற்றில், தேய்ந்ததும் தட்டில் உரசிக் கீச்சிடும்படி ஒரு சிறு தகடு வைத்திருப்பார்கள்.

அச்சத்தத்தை அலட்சியம் செய்யாதீர்கள். எங்கள் தெருச் சகோதரர் ஒருவர், "பெருநாள் செலவு முடியட்டும், பார்த்துக் கொள்ளலாம்" என்று ஒரு மாதம் கர்ரென்ற ஓசையுடனேயே ஓட்டினார். கழற்றிப் பார்த்தபோது பேடு முற்றிலும் தேய்ந்து, இரும்பும் இரும்பும் உரசி, தட்டில் ஆழமான வரிகள் விழுந்திருந்தன. சில நூறு ரூபாயில் முடிய வேண்டியது, தட்டையும் சேர்த்து மாற்றியதில் ஆயிரக்கணக்கில் போயிற்று. அந்த ஒரு மாதமும் அவர் தம் பிள்ளையை அதில்தான் பள்ளிக்கு அழைத்துச் சென்றார் என்பதை நினைத்தால் செலவு பெரிதாகத் தெரியவில்லை.

அடுத்து தட்டு. அதன் மிகக் குறைந்த தடிப்பு எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் தட்டின் மீதே பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே தேய்ந்தால் மாற்றியே ஆக வேண்டும். பிடிக்கும்போது லீவரோ பெடலோ துடித்தால் தட்டு ஒரு சீராக இல்லை என்று அறியலாம். ஆனால் ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் அவசரமாகப் பிடிக்கும்போது ஏற்படும் துடிப்பு வேறு, அது இயல்பானது. அப்போது பயந்து கையை விட்டுவிடாமல் அழுத்தியே இருக்க வேண்டும். கார் ஒரு பக்கம் இழுத்தால், ஏதோ ஒரு சக்கரத்தின் காலிப்பர் இறுகிப் போயிருக்கக் கூடும்.

மூன்றாவது, நாம் பிரேக் ஆயில் என்று அழைக்கும் திரவம். பெயர்தான் ஆயில், அது எண்ணெய் அன்று. லீவரில் நம் விரல் கொடுக்கும் அழுத்தத்தைக் காலிப்பருக்குக் கொண்டு சேர்ப்பது அதுவே. காற்றிலுள்ள ஈரத்தை அது மெல்ல மெல்ல உறிஞ்சிக் கொள்ளும். புதிய டாட் 4 திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது அளவுகோல். ஈரம் சேர்ந்த நிலையில் அவ்வளவுகோலே 155 பாகையாகிவிடுகிறது. மலைப் பாதையில் தொடர்ந்து பிரேக் பிடித்துச் சூடேறும்போது பழைய திரவம் கொதித்து ஆவியானால், லீவர் பஞ்சு போல் உள்ளே போகும், வண்டி நிற்காது. ஆகவே பார்வைக்கு நன்றாக இருந்தாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றிவிடுங்கள். எந்த வகை ஊற்ற வேண்டும் என்பது மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் 5 என்பது சிலிகான் வகை; அதை மற்றவற்றுடன் கலக்கக் கூடாது. அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் பாகங்கள் உப்பிக் கெட்டுவிடும். பிரேக் திரவம் வண்டியின் பெயிண்ட் மீது சிந்தினால் அதை அரித்துவிடும். உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

திரவத்தின் மட்டம் குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்பாதீர்கள். பேடு தேயத் தேய மட்டமும் இறங்கும். முதலில் பேடைப் பாருங்கள். பின்னர் எங்கேனும் கசிகிறதா என்று பாருங்கள். லீவர் மெத்தென்று இருந்தால் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது. மெக்கானிக்கிடம் கொடுத்து ஏர் எடுக்கச் சொல்லுங்கள்.

பெருநாள் முந்திய இரவு

பெருநாளுக்கு முந்திய இரவு நம் வீட்டுப் பிள்ளைகள் பைக்கைக் கழுவிப் பளபளக்கச் செய்வது நல்ல காட்சிதான். ஆனால் ஆர்வ மிகுதியால் டிஸ்க் தட்டின் மீதும் பாலிஷோ எண்ணெயோ தடவிவிடுகிறார்கள். மறுநாள் ஈத்காவுக்குப் போகும் கூட்டத்தில் அந்த பிரேக் வழுக்கும். தட்டின் மீது எண்ணெய்ப் பசையே படக் கூடாது. செயினுக்கு ஆயில் அடிக்கும்போதும் தட்டில் தெறிக்காமல் பார்த்துக் கொள்ளுங்கள். எண்ணெய் ஊறிய பேடைத் தேய்த்துச் சரிசெய்ய முயலாமல் மாற்றிவிடுவதே பாதுகாப்பு. தட்டு கொதிக்கும் நிலையில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். பேடின் தூசியை வாயால் ஊதவோ, காற்றடித்துக் கிளப்பவோ செய்யாமல் ஈரத் துணியால் துடையுங்கள். அத்தூசி நுரையீரலுக்கு நல்லதன்று.

பேடு மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். காரானால் இடம், வலம் இரு சக்கரங்களுக்கும் சேர்த்து மாற்ற வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று டூப்ளிகேட் வாங்காதீர்கள், பில்லுடன் வாங்குங்கள். கழற்றிய பழைய பேடைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மாற்றியது உண்மைதானா என்பதும் தெரியும், எப்படித் தேய்ந்தது என்பதும் தெரியும். மாற்றி முடித்து வண்டியை எடுக்கும் முன், லீவரையோ பெடலையோ நின்ற இடத்திலேயே பலமுறை அழுத்தி, கெட்டியாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே நகருங்கள். இதைச் செய்யாமல் கிளம்பினால் முதல் முறை அழுத்தும்போது பிரேக்கே இராது. புதிய பேடு தட்டோடு நன்கு படிவதற்கு முதல் 200, 300 கிலோமீட்டர் வரை நிதானமாக ஓட்டுங்கள்.

மலை இறங்கும்போது

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36. இத்தகைய பாதைகளில் பெட்ரோல் மிச்சம் என்று எண்ணி, சிலர் நியூட்ரலில் போட்டு, எஞ்சினையும் அணைத்துவிட்டு இறங்குகிறார்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பிரேக் பெடலை எளிதாக்கும் பூஸ்டர், எஞ்சின் ஓடும்போது உண்டாகும் வெற்றிடத்தால்தான் இயங்குகிறது. எஞ்சினை அணைத்தபின் ஓரிரு முறை மிதித்ததும் பெடல் கல்லைப் போல் இறுகிவிடும். ஏறும்போது எந்த கியரில் ஏறினீர்களோ ஏறக்குறைய அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக் கொள்ளும். பிரேக்கைத் தேய்த்துக் கொண்டே வராமல், தேவையான இடத்தில் அழுத்திப் பிடித்து விட்டுவிடுங்கள். தட்டு ஆற நேரம் கிடைக்கும். கருகும் வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஆறிய பின் கிளம்புங்கள்.

சகோதரர்களே! நம் வண்டியில் ஏறி அமர்பவர் நம் லைசென்ஸைக் கேட்பதில்லை. பேடின் தடிப்பைக் கேட்பதில்லை. நம்மை நம்பி ஏறுகிறார். பின்னால் அமர்ந்து தோளைப் பற்றிக் கொள்ளும் மனைவியும், முன்னால் டாங்கின் மீது அமரத் துடிக்கும் குழந்தையும், சாலையைக் கடக்கும் யாரோ ஒரு முதியவரும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். சகோதரிகளே! உங்கள் கணவரோ மகனோ சாவியை எடுக்கும்போது "மெதுவாகப் போங்கள்" என்று சொல்லி அனுப்புகிறீர்கள். அத்துடன், "பிரேக் எப்போது பார்த்தீர்கள்?" என்றும் மாதம் ஒருமுறை கேளுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது அந்தக் கேள்வி எழாத வெள்ளிக்கிழமை இல்லை. மழைக்காலம் வந்தால் இன்றும் வலிக்கும் மணிக்கட்டைத் தடவிக் கொண்டே என் மனைவி கேட்பார். "பார்த்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.